கூர்மை: பிளஸ் நான்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த
இருபத்தாறு நிமிஷத்தில்தான் கண்டுபிடித்தேன்.
கூட்ஸ் வண்டி பாதியில் நின்றுவிட்டது.
ஆட்டோவில் சும்மா உட்கார முடியாமல்
கேமராவின் மெனுவுக்குள் இறங்கினேன்,
மூன்று வருஷமாக எட்டிப்பார்க்காத அறை.
கூர்மை: பிளஸ் நான்கு.
நான் வைத்ததில்லை.

எனக்கு முன்னால் அது தணிகாசலத்தின் கேமரா.
தண்டையார்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தான்.
வட்டி நெருக்கியபோது விற்றான்.
பேட்டரி இரண்டு, கார்டு ஒன்று,
பையின் அடியில் கொஞ்சம் கடல்மணல்,
எல்லாம் விலையில் சேர்ந்தது.
இந்த நான்கைப் பற்றி
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக
இத்தனை நாள் நான் எடுத்த எல்லோரையும் சுற்றி
ஒரு வெள்ளைக் கோடு.
தோளுக்கும் வானத்துக்கும் நடுவே
முடியிழை அளவு.
காசிமேட்டில் ஐஸ் சுமப்பவர்களுக்கு.
வியாசர்பாடி மைதானத்தில்
கார்னர் கிக்குக்கு எம்பிய பையனுக்கு.
ஸ்டான்லி வாசலில்
டிஸ்சார்ஜ் சீட்டோடு நின்ற ரெஜினாவுக்கு.
எண்ணூரில் புகை எங்கே முடிகிறது
வானம் எங்கே தொடங்குகிறது
என்று அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியாது.
என் படத்தில் தெரிந்தது.

அதைக் கடல் வெளிச்சம் என்று நினைத்திருந்தேன்.
“எங்க பக்கத்துக்குன்னு ஒரு வெளிச்சம் இருக்கு”
என்று தி.நகர் ஆல்பம்காரனிடம்
பெருமை வேறு அடித்திருக்கிறேன்.
அவன் தலையாட்டினான்.
அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வெளிச்சமில்லை, கணக்கு.
இருட்டு ஓரத்தை இன்னும் கொஞ்சம் இருட்டி
வெளுத்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் வெளுத்து
நடுவே வரப்பு கட்டுகிறது கேமரா.
லென்ஸுக்குக் கிட்டாத எதுவும்
அதற்கும் கிட்டுவதில்லை.
கிட்டியதைச் சத்தமாகச் சொல்கிறது.
ஏலத்தில் கூவுகிற மாதிரி.
எவ்வளவு கூவினாலும்
நேற்றைய வஞ்சிரம் நேற்றையதுதான்.

கூட்ஸ் ஒரு பெட்டி நகர்ந்து மறுபடி நின்றது.
அப்போதுதான் இருதயராஜின் ஃபைபர் போட்.

போன மார்கழி, விடிகாலை, மூட்டம்.
கல்யாண ஜோடி ஒன்றைக்
கருங்கல் மேல் நிற்கவைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.
படத்தின் மூலையில்
அவன் போட்டை இடித்துவிட்டு ஓடுகிற விசைப்படகு.
வலை போச்சு, எஞ்சின் போச்சு,
அவனுக்கு இடது மணிக்கட்டு.
படத்தைப் பெரிதாக்கினேன்.
பதிவெண்ணின் கடைசி இலக்கம்
உளியால் வெட்டியதுபோல் நின்றது.
எட்டு என்றேன்.
மீன்துறை ஆபீஸிலும் எட்டு என்றார்கள்.
எட்டாம் நம்பர் படகோ
எஞ்சினைக் கழற்றிப்போட்டு
இரண்டு வாரமாகக் கரையில் கிடந்ததாம்.
புகார் அத்தோடு படுத்தது.
இருதயராஜ் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அவ்வளவு தெளிவாக இருந்தது படம்.

மூன்றாக இருந்திருக்கலாம்.
திறந்திருந்த மூன்றின் வாயை
இந்த நான்கு தைத்திருக்கலாம்.
மூட்டமே தைத்திருக்கவும் கூடும்.
ரா ஃபைல் இருந்தால் திரும்பப் போய்ப் பார்க்கலாம்.
கார்டு சின்னது என்று
ஜேபெக் மட்டுமே எடுத்தேன்.
அதற்குள் போன கோடு வெளியே வராது,
தோசையிலிருந்து உப்பைப் பிரிக்க முடியாததுபோல.

சுழியத்தில் வைத்து
கேட்டருகே ஒரு படம் எடுத்தேன்.
சைக்கிள்கள், தண்ணீர்க் குடங்கள்,
ஒருவரையொருவர் தொட்டுக் கலந்து நிற்கிற ஆட்கள்.
எட்டிப் பார்த்த டிரைவர் சொன்னார்:
“இன்னா சார், கலங்கலா கீது.”
ஆமாம் என்றேன்.

வண்ணாரப்பேட்டை மண்டபத்தில்
பெண்ணின் மாமா திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.
பட்டுச்சேலையின் ஜரிகை எண்ணும்படி வேண்டுமாம்.
பிளஸ் இரண்டு வைத்தேன்.
அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது.

இருதயராஜ் எதிர்ப்பட்டால்
எட்டா மூன்றா தெரியாது என்று சொல்ல வேண்டும்.
பாலத்தில் பைக் ஓட்டும்போது
சொல்லிப் பார்க்கிறேன்.
இன்னும் கணீரென்றுதான் வருகிறது
அந்தத் தெரியாது.